சுவத்துல ரெண்டு பேருக்கு இடம்

ஒரு ஊர்ல ஒரு பெரிய அரண்மனை இருந்துச்சு. எந்த ஊரு? பாங்காக். ராஜா, ராணி எல்லாம் போய்ச் சேந்து எத்தனையோ காலமாச்சு. அப்புறம் அதை மியூசியமா ஆக்கிட்டாங்க. "ம்" கொட்டணும், சரியா?

ம்.

அந்த ஊர்ல சௌந்தரான்னு ஒருத்தி. கல்யாணமாகிப் போய் இருவது வருசமா அங்கதான் இருக்கா. அவளுக்கு ஒரே தங்கச்சி, மன்னார்குடியில. பேரு குமுதா. குமுதாவோட வீட்டுக்காரர் திடீர்னு இறந்துட்டாரு. அதுலேருந்து அவ சரியாச் சாப்பிடல, பேசல. "எங்கிட்ட வந்து கொஞ்ச நாள் இரு"ன்னு அக்கா கூட்டிட்டு வந்துட்டா. ஒரு நாள் மத்தியானம், "வாடி, வெளியில போய்ட்டு வரலாம்"னு மியூசியத்துக்கு அழைச்சிட்டுப் போனா.

அங்க ஒரு கோயில். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனா ஜில்லுனு இருக்கு. நடுவுல தங்கமா புத்தர். சுத்தி நாலு சுவத்துலயும் வரிசை வரிசையா தேவதைங்க, எல்லாம் ஓவியம். நூறு, எரநூறு பேரு. அத்தனை பேரும் மண்டி போட்டு, கைகூப்பி, புத்தரையே பாத்துக்கிட்டு.

குமுதாவும் தரையில மண்டி போட்டா. "அக்கா, இங்க எவ்ளோ நிம்மதியா இருக்கு"ன்னா. "சரி, உக்காரு. தண்ணி வாங்கிட்டு வரேன்"னு சௌந்தரா வெளியில போனா.

அப்போ மழை பிடிச்சிக்கிச்சு, சோன்னு. திரும்பி வந்து பாத்தா குமுதா இல்ல! செருப்பு மட்டும் வாசல்ல கெடக்கு.

ம்...

அக்கா ஓடினா. மொதல்ல, செவப்பா ஒரு தேக்கு வீடு. உள்ள "கிரீச்... கிரீச்"னு பலகை மேல யாரோ நடக்குறாங்க. "குமுதா!"ன்னா. சத்தம் நின்னுடுச்சு. எட்டிப் பாத்தா பழைய கட்டில் மட்டுந்தான். அப்புறம் பொம்மலாட்டப் பொம்மைங்க இருக்கற அறை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளேருந்து "டிக், டிக்"னு ஒரு விரல் தட்டுது. கிட்டப் போனா தட்டல. மூணாவது, தேர்க் கொட்டகை. செத்துப்போன ராஜாவை ஏத்திட்டுப் போற தேரு, வீடு ஒசரம். ஆளே இல்ல, ஆனா சக்கரம் "கட... கட..."ங்குது.

திரும்பக் கோயிலுக்கே ஓடி வந்தா. வாசல்ல மாலின்னு ஒரு காவக்கார அம்மா. "என் தங்கச்சி வெளியில வந்தாளா?"ன்னு அவங்க பாஷையில கேட்டா.

"வரலையே. நான் எடத்தை விட்டு அசையல." அப்புறம் மெதுவா, "சுவத்தைப் பாத்தியா?"ன்னாங்க.

கீழ் வரிசை. கடைசியில. நீலச் சேலை, ஒத்தக்கல் மூக்குத்தி, கூப்பின கை. குமுதா! பெயிண்ட்டு இன்னும் ஈரமா மினுங்குது.

"மனசு கனத்தவங்களைப் பாத்தா இந்த தேவதைங்க பக்கத்துல எடம் குடுப்பாங்க. பிடிச்சு இழுக்க முடியாது, அவளா வரணும். பெயிண்ட்டு காயறதுக்குள்ள"ன்னாங்க மாலி.

"குமுதா!"ன்னு கூப்பிட்டா. ஒண்ணும் இல்ல. சேலை முந்தானை காஞ்சுபோச்சு.

"அடியே என் பட்டு, அக்கா வந்திருக்கேன்டி!" கண்ணு ஒரு தடவை சிமிட்டுச்சு. திரும்பப் புத்தர் பக்கமே போயிடுச்சு. கழுத்து வரைக்கும் காஞ்சுபோச்சு.

மூணாவது தடவை அவ கூப்பிடல. மெல்ல மண்டி போட்டா. "சரிடி. நீ வரவேணாம். கொஞ்சம் நகரு, நானும் வந்துடறேன்"னு கைகூப்பினா.

அப்போ, "சரக்"னு ஒரு சத்தம். அத்தனை தேவதைங்களும் தலையைத் திருப்பி சௌந்தராவைப் பாக்குதுங்க! அவ விரல் நுனியில மஞ்சளா பெயிண்ட்டு ஏறுது. முட்டி மரத்துப்போச்சு, எழுந்திரிக்க முடியல.

ம்?

"அக்கா! வேணாங்க்கா!"ன்னு ஒரு கத்தல். "தொப்"புனு குமுதா தரையில விழுந்தா. விழுந்தவ எந்திரிச்சு, அக்காவோட ரெண்டு கையையும் பிடிச்சுப் பிரிச்சு, பளார்னு ஒரு அறை விட்டா. "பைத்தியமா உனக்கு? மாமா வீட்ல தனியா இருக்காரு. நீ பாட்டுக்கு வந்து உக்காந்தா?"

"உன்னை விட்டுட்டு நான் மட்டும் எப்படிடி போவேன்?"

அப்புறம் மாலியம்மா குடுத்த குடைக்குள்ள நடந்தாங்க. அக்காவுக்கு முட்டி இன்னும் மரத்துத்தான் இருக்கு, தங்கச்சிதான் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

அப்புறம் சுவத்துல?

சுவத்துலயா? ரெண்டு பேர் உக்கார்ற அளவுக்கு இடம். யாரும் எதுவும் வரையல. இன்னும் வெறுமனேதான் கெடக்கு.

கதை கரை சேந்துடுச்சு, என் தங்கம். எங்கிட்ட ஒட்டிப் படுத்துக்கோ. கண்ண மூடு.