எல்லார் வாளியிலயும் வத்தக்குழம்பு

ஒரு ஊர்ல ஒரு... ஒரு... இரு தாயி, ராஜாவா, நரியா? உங்க ஆச்சி எதுல ஆரம்பிப்பா? தாத்தாவுக்கு ஒண்ணும் பிடிபடலயே. சரி, ஒரு ஊர்ல ஒரு ஆச்சி. உங்க ஆச்சியேதான், செண்பகவடிவு. நீ ம் கொட்டணும், இல்லேன்னா எனக்கு வழி தவறிடும்.

“ம்.”

அவ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ சின்னப் பொண்ணு. அப்புறம் உங்க அப்பா பொறந்தான். இல்ல, அதுக்கு முன்னாடி எங்க அம்மா படுக்கையில விழுந்தா. முன்னாடியா, பின்னாடியா? ரெண்டு பேருக்கும் அவ மாத்தி மாத்திக் கஞ்சி ஊட்டினது மட்டும் ஞாபகம் இருக்கு. வீட்டு வேலை முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு சரக் சரக்னு கிளம்பிடுவா. எவளுக்காவது இடுப்பு வலின்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா. சித்திரை வெயில்ல பஸ் ஸ்டாண்டுல மோர்ப்பந்தல் போடுவா. “எங்கடி போற?”ன்னு கேப்பேன். “இதோ வந்துட்டேன்”ம்பா. காலமெல்லாம் அதையேதான் சொன்னா.

துக்க வீட்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுல்ல, அக்கம்பக்கத்துலதான் சமைச்சுக் கொண்டாரணும். யாரு எதைக் கொண்டாரணும்னு ஆச்சிதான் தெருத்தெருவா சொல்லிட்டு வருவா. “நீ சோறு, நீ குழம்பு, நீ மோர்.” அவ்வளவுதான், யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் ஆச்சியே செத்துப்போயிட்டா.

“ம்.”

அப்போ ஊருக்கே கையும் ஓடல, காலும் ஓடல. பந்தல்கார இசக்கிமுத்து கயிறும் கையுமா விறுவிறுன்னு உள்ள வந்தான். “அக்கா, பந்தலை வாசலுக்கு நேராப் போடவா, ஓரமாப் போடவா?”ன்னு ஆச்சிகிட்டயே கேட்டான். கேட்டப்புறம்தான் அவ படுத்திருக்கிறது உறைச்சுது. கயிறோட அப்படியே உக்காந்துட்டான்.

அப்புறம் எதுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்தா. ஆச்சி காதுகிட்ட குனிஞ்சு, “அக்கா, பட்டுப்புடவையா, நூல்புடவையா? எதை உடுத்தி விட?”ன்னா. சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டு ஓடிட்டா.

அப்புறம் எல்லாம் முடிச்சு, குளிச்சிட்டு வீட்டுக்கு வந்தோம். அங்க ஒரு குட்டிப்புள்ள காலையில இருந்து பட்டினி. வீல் வீல்னு அழுகை. பிஸ்கட் குடுத்தா தட்டி விடுது. அதுக்கு ஆச்சி பிசைஞ்சு ஊட்டினாத்தான் சோறு இறங்கும்.

“யாரு தாத்தா?”

நீதான், வேற யாரு?

அப்போ தெருக்காரங்க தூக்குவாளியோட வந்து டங் டங்னு இறக்கினாங்க. முதல் மூடியைத் திறந்தா வத்தக்குழம்பு. அடுத்தது, வத்தக்குழம்பு. எல்லாத்துலயும் வத்தக்குழம்பு! ஆச்சிக்குப் பிடிச்சது அதுதானேன்னு ஒவ்வொருத்தியும் அவ அவ வீட்ல நினைச்சு வச்சிருக்கா. சொல்ல ஆளில்ல பாரு. வீடே கமகமன்னு இருக்கு, ஒரு பருக்கை சோறு கிடையாது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு முழிக்காங்க. நீ வேற வீல் வீல்னு கத்துத.

எனக்கு எரிச்சலா வந்துச்சு. அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏ செண்பகம், யாரு சோறு வடிக்கணும்னு சொல்லித் தொலையேன்!”னு கத்திட்டேன்.

எல்லாரும் அடுக்களையவே திரும்பிப் பாத்தாங்க.

“ஆச்சி என்ன சொன்னா?”

ஒண்ணும் சொல்லல தாயி. கூப்பிட்ட குரலுக்கு அவ பதில் சொல்லாதது அதுதான் மொத தடவை. தாத்தா அழுதுட்டேன்.

அப்புறம் என்ன தோணுச்சோ, வாசலுக்கு வந்து கையை நீட்டினேன். “ஸ்டெல்லா, நீ சோறு. இசக்கி, உன் வீட்ல மோர்.” ரெண்டு பேரும் தடதடன்னு ஓடினாங்க! எனக்கே நம்ப முடியல. அப்புறம் நானே பிசைஞ்சு உனக்கு ஊட்டினேன். உருண்டை பெரிசா இருக்குன்னு திட்டின. திட்டிக்கிட்டே தின்ன.

“ம்...”

அவ்வளவுதான். வாளியும் காலி, கதையும் காலி, கண்ணை மூடு தாயி.

ம் சொல்லு. என்ன, தூங்கிட்டியா?

ஏ செண்பகம், புள்ள தூங்கிட்டா. ஃபேனைக் குறைக்கவா, போர்வை போடவா?

...சரி. போர்வையே போடுதேன்.