நாலு விரல் உயரம்

வண்டி நாற்பதைத் தொட்டதும் ஆட ஆரம்பித்தது.

முதலில் ஸ்டீயரிங் தபசிமுத்துவின் உள்ளங்கையில் கிச்சுகிச்சு மூட்டியது. பிறகு படபடத்தது. பிறகு அவன் கைகளை இடமும் வலமுமாக உதறித் தள்ளியது. முன்னால் கட்டியிருந்த கொடிக்கம்பு சாமி வந்தவள் தலைபோலச் சுழன்றது. பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

"லே தபசி, நிறுத்துலே!" என்றாள் தாயம்மை, எல்லாருக்கும் மூத்தவள். "மரக்கணக்கைக் குறைக்கப் போறமா, ஆள்கணக்கைக் குறைக்கப் போறமா?"

அவன் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினான். முகம் சிவந்துவிட்டது. ஆடியதால் அல்ல. பக்கத்தில் லீலாபாய் உட்கார்ந்திருந்தாள்.

தபசிமுத்து லீலாபாயின் சீடன். அவளைவிட மூன்று வயது மூத்தவன். தோட்டத்தை நிர்வாகம் இழுத்துப் பூட்டிய காலத்தில், ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து அவள் துண்டறிக்கைகளை உரக்க வாசிப்பாள். பசித்த வயிற்றோடு அதைக் கேட்டுக் கேட்டே எழுத்துக்கூட்டப் படித்தவன் அவன். அவள் தோட்டத்து லாரி ஷெட்டில் பிறந்து வளர்ந்தவள். சங்கத்தின் இந்தப் பழைய பிக்கப்பை ஓட்டவும் கழற்றி மாட்டவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அவன் அவளை ஆசான் என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

மறியலில் போலீஸ் பிடித்துப்போன லீலாபாயை மழைக்காலம் முழுக்கச் சிறையில் வைத்திருந்துவிட்டு, நேற்றுத்தான் விட்டார்கள். இன்றைக்குப் பதினொரு மணிக்கு நகரத்தில் பேச்சுவார்த்தை. ஒவ்வொருத்தரும் ஒரு நாளில் பால் வெட்ட வேண்டிய மரங்களின் கணக்கை நிர்வாகம் ஏற்றப் பார்த்தது. சொன்ன நேரத்துக்கு வரும் சங்கத்தோடு கையெழுத்து, வராத சங்கத்தையும் அதே கையெழுத்து கட்டுப்படுத்தும் என்று அறிவித்துவிட்டார்கள். வந்து சேராதவனைத் தோற்கடிப்பது எவ்வளவு சுலபம் என்று நிர்வாகத்துக்கு எப்போதும் தெரியும்.

தோட்டத்தில் சங்கங்கள் இரண்டு. ஒன்றாக இருந்ததுதான். ஏன் பிளந்தது என்று இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இப்போது சரியாகச் சொல்லத் தெரியாது. மற்றதன் தலைவன் சாம்ராஜ். அவன் மட்டும் போய் உட்கார்ந்தால் பாதி ஏற்றத்துக்காவது தலையாட்டிவிட்டு வந்துவிடுவான் என்பது பெண்களின் பயம்.

"ஆசானே," என்றான் தபசிமுத்து. "டயரை மாத்திட்டேன். பேலன்ஸ் பாத்துட்டேன். டை ராடு புதுசு. பேரிங் புதுசு. ஆட்டத்தை அமுக்க டேம்பரும் போட்டாச்சு. எல்லாத்தையும் இறுக்கியாச்சு. பின்ன ஏன் ஆடுது?"

"எப்பத்துலேர்ந்து ஆடுது?"

"நீங்க உள்ள போன பொறவு. முதல்ல ரோடு சரியில்லன்னு நெனச்சேன். ரோட்டுக்காவ இன்னொரு மறியல் வச்சோம். ஜெயிச்சோம்லா! இந்த ரோடு நாங்க வாங்கினது, ஆசானே. பாருங்க, பாய் விரிச்சு உறங்கலாம்."

"ரோடு போட்ட பொறவு?"

அவன் தொண்டையைச் செருமினான்.

"கூடுதலா ஆடுது."

லீலாபாய் சிரித்தாள். சிறையிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

"இது நிர்வாகத்து ஆளுவ செஞ்ச வேலை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ராத்திரி வந்து எதையோ களத்தி விட்டுருக்கானுவ!"

"திருப்புங்க வண்டியை! மேனேஜர் பங்களாவுக்கு விடுங்க!"

தபசிமுத்துவின் ரத்தம் சூடேறியது. அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கும் தோன்றியது. அப்படி இருந்தால் நன்றாகவும் இருக்கும்.

"அண்ணாச்சி, அடியில படுங்க," என்றாள் லீலாபாய்.

"ஜாக்கி வைக்கட்டா?"

"வேண்டாம். பாரம் தரையிலயே இருக்கட்டும். பாரத்தை எடுத்துட்டா எல்லாம் நல்ல பிள்ளையாத்தான் நிக்கும்."

அவன் புதுத் தாரின் மேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். மேலே அவள் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக் வெடுக்கென்று ஆட்டினாள்.

"எது ஆடுது?"

"ஒண்ணும் ஆடல."

"எதாவது களண்டிருக்கா?"

"ஒண்ணும் களரல. எல்லாம் நான் இறுக்கினது, ஆசானே!"

அதில் பெருமையும் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. பங்களாவுக்குப் போக வழியில்லை.

லீலாபாய் இறங்கிச் சாலையின் மறு ஓரத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். வண்டியைப் பக்கவாட்டில் நிதானமாகப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுக்க மூக்கு ஏன் வானத்தைப் பாக்குது?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவன் நேற்றிலிருந்து காத்திருந்தான். அடியிலிருந்து புழுதியோடு எழுந்து வந்தான்.

"கவனிச்சிட்டியளா? மே தினத்துல சாம்ராஜுக்க கொடி நம்ம கொடியை மறைச்சிட்டுல்லா? கம்பை நீட்டவும் முடியாது."

முடியாதுதான். முன்பொரு காலம் யார் கொடி உயரம் என்று அடிதடியாகி, மண்டைகள் உடைந்து, இரண்டு சங்கமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தன. கொடிக்கம்பு இரண்டும் ஒரே நீளம்.

"கம்பைத்தானே அளப்பானுவ? வண்டியை யாரு அளப்பா? முன் ஸ்பிரிங்கைச் சட்டத்துல தொங்கவிடுத ஷேக்கிளை எடுத்துட்டு நீளமா வேற அடிச்சுப் போட்டேன். வண்டி நிமிந்துட்டு. நம்ம கொடி நாலு விரல் மேல!"

நாலு விரலையும் அவன் ஆசானின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். பின்னால் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

லீலாபாய் கொடிக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, நுனியில் ஒரு நட்டைக் கட்டி அவனிடம் கொடுத்தாள். முன் சக்கரத்தின் உள்பக்கத்தைக் காட்டினாள். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான முளை அங்கே இருந்தது. மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி.

"மேல்மூடிக்க நடுவுல கயித்தைப் பிடியுங்க. நட்டு எங்க நிக்குது?"

"கீழ்மூடிக்கு முன்னால."

"பின்னால நிக்கணும். இந்த முளை கொஞ்சம் பின்வாங்கிச் சாஞ்சு நிக்கணும், அண்ணாச்சி. அப்பத்தான் கல்லுல தட்டினாலும் சக்கரம் தானா நேருக்கு வரும். நீங்க நிமித்தினதுல இது முன்னால கவுந்துட்டு. இப்ப அதுக்கு நேரு எதுன்னே தெரியல."

அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். காற்றில் நட்டு மெல்ல ஆடி, மறுபடி அதே இடத்தில் போய் நின்றது.

"பழைய ஷேக்கிள்?"

"சீட்டுக்க அடியில கெடக்கு. சங்கச் சொத்து. தூர எறிய மனசு வரல."

அப்போது மேலே வளைவில் மைக் சத்தம் கேட்டது. சாம்ராஜின் வேன் தன் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தது.

"உழைக்கும் தாய்மார்களே! அதோ பாருங்கள்! ஒரு சங்கம் தார் ரோட்டில் படுத்துவிட்டது! எழுப்பாதீர்கள், பாவம், உறங்கட்டும்!"

வேன் கடந்தபோது தபசிமுத்து அதன் கொடியைப் பார்த்தான். தன் கொடியைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

"ஆசானே! அவன் கொடி நமக்கும் மேல போவுது! முன்னால ஷேக்கிளை மாத்திட்டான், கள்ளப்பய! ஒரே அளவுன்னு ஒத்துக்கிட்டு இப்பிடியா ஏமாத்துவான்?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் வண்டியே கொஞ்சம் ஆடியது. அவனுக்கு மட்டும் சிரிப்பு விளங்கவில்லை.

"ஸ்பேனரை எடுங்க," என்றாள் லீலாபாய்.

"இன்னைக்கா இறக்கணும்? அங்க ஆபீஸ் கேட்டு முன்னால ரெண்டு கொடியும் பக்கம் பக்கமா நிக்கும். நான் இறுக்கிப் பிடிச்சு ஓட்டுதேன். கை ஒடிஞ்சாலும் விடமாட்டேன்."

"கை உங்களுது. ஒடிச்சுக்கிடுங்க. பின்னால நிக்கியது யாரு?"

அவன் திரும்பினான். சிரிப்பு அடங்கி எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயம்மையின் கை இன்னும் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

ஜாக்கி ஒன்றுதான் இருந்தது. சட்டத்தின் ஒரு பக்கத்தை அது தாங்கியது. மறுபக்கத்துக்கு, ஓரத்தில் கிடந்த ரப்பர்த் தடியைப் பெண்கள் புரட்டிக்கொண்டு வந்தார்கள். கல்லை முட்டுக்கொடுத்துத் தடியை அடியில் செருகி, மொத்தமாகத் தொங்கினார்கள். சேர்ந்து இழுக்க ஒரு பாட்டு வேண்டுமே. ஊர்வலத்துக்கென்று தயார்செய்த கோஷம்தான் வாயில் வந்தது.

"ஏத்தாதே! ஏத்தாதே!"

வண்டி ஒரு விரல் ஏறியது.

"மரக்கணக்கை ஏத்தாதே!"

இன்னொரு விரல் ஏறியது.

கீழே படுத்திருந்த தபசிமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் தோல் கிழிந்தது, கண்ணில் துரு விழுந்தது. நீள ஷேக்கிளைக் கழற்றி எறிந்து பழையதை மாட்டினான். மறுபக்கமும் மாட்டினான். ஜாக்கியை இறக்கியதும் பிக்கப் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு தரையில் பதிந்து நின்றது.

லீலாபாய் ஓட்டினாள். நாற்பது வந்தது. பெண்கள் மூச்சைப் பிடித்தார்கள். ஐம்பது வந்தது. அறுபது. வளைவில் திருப்பிவிட்டுப் பிடியை அவள் தளர்த்தியபோது, ஸ்டீயரிங் அவள் விரல்களுக்கு இடையே வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்தது. பின்னால் ஒரே குலவை. தாயம்மை கூரையில் தாளம் போட்டாள்.

"போலாம்! போலாம்! பறக்கட்டும்!" என்று தபசிமுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். கொடியின் உயரம் அவனுக்கு மறந்தேவிட்டது.

மலை இறங்கி நேர்ச்சாலை தொடங்கும் இடத்தில் சாம்ராஜின் வேன் நின்றது. ஒரு முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கி, கொடிக்கம்பு வயலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்ராஜ், ஸ்டீயரிங் உதறித் தள்ளிய தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடிச்சு விடுங்க ஆசானே!" தபசிமுத்து சீட்டிலிருந்து எழும்பியே விட்டான். "இன்னைக்கு மேசையில நாம மட்டும்தான்! நம்ம கையெழுத்து மட்டும்தான்!"

லீலாபாய் பிரேக்கை மிதித்தாள்.

"ஏறுங்க," என்றாள் வரப்பைப் பார்த்து. "இடம் இருக்கு."

இடம் இல்லை. ஆனால் பின்னாலிருந்து கைகள் நீண்டன. வரப்பிலிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக மேலே வந்தார்கள். தாயம்மை ஒருத்தியை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, "அந்தச் சங்கத்துல சோறு நல்லாத்தான் போடுதான் போல, என்னா கனம்!" என்றாள்.

சாம்ராஜ் தயங்கினான். "கொடி?"

"அதையும் எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள் லீலாபாய்.

தபசிமுத்துவுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. அவன் பின்பலகையில் தொற்றிக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் சாம்ராஜ். வழி முழுக்க இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நிர்வாகத்து அதிகாரி கேட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாக இன்னும் சற்று இருந்தது. ஒரே வண்டியிலிருந்து இரண்டு சங்கமும் இறங்க இறங்க, அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணத் தொடங்கினார். பாதியில் எண்ணுவதை நிறுத்தி, உள்ளே போய் இன்னும் நாற்காலிகள் போடச் சொன்னார். அவர் குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

படியேறும்போது தபசிமுத்து லீலாபாயை மறித்தான். வழி முழுக்க அடக்கிவைத்திருந்தது வெடித்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஆசானே. ஒப்பந்தத்தை மீறி வண்டியை உசத்தினவன் அவன். மைக்குல நம்மளை நாறடிச்சவன். அவனுக்காக எதுக்கு நிறுத்தினிய?"

லீலாபாய் புடவையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டாள்.

"உங்க சீடனை வழியில விட்டுட்டு வரலாமா, அண்ணாச்சி?"