மூன்று வீட்டு வெற்றிலை

அடுப்பில் பருப்பு வேகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம், சின்னக் கதைதான். ஆனால் முடிச்சை அவிழ்ப்பது உங்கள் வேலை. அதனால் காதைக் கொஞ்சம் இங்கே வையுங்கள்.

ஆவாரம்பட்டிக் கண்மாய் மண்மேடாகிப் பல வருடம் ஆயிற்று. போன மழையில் தண்ணீர் தங்க இடமில்லாமல் கரை உடைந்து, கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. முத்துராக்கு தன் கைப்பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். அதற்குப் பிறகு தூர்வார அனுமதி வாங்க அலையாய் அலைந்ததும் அவள்தான். ஊர் அவளையே கண்மாய்க் கமிட்டித் தலைவியாக்கி, மடைச் சாவியையும் கையில் கொடுத்தது. வைகாசிக்குள் வேலை முடியாவிட்டால் அனுமதி போய்விடும். அடுத்த மழையையும் கீழத்தெரு அப்படியே தாங்க வேண்டியதுதான்.

சித்திரை பத்தொன்பதாம் தேதி, சம்பந்தப்பட்ட மூன்று பேரையும் அவரவர் இடத்தில் போய்ப் பார்த்தாள். ஒன்றாகக் கூட்டினால் சண்டை வரும் என்று அவளுக்குப் பயம். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நீட்டுகிற வெற்றிலையை வாங்கிக்கொண்டால் அவருக்கு வாக்குக் கொடுத்ததாக அர்த்தம்.

முதலில் அழகுமலை மாமா. மடைக்குக் கீழே இருக்கும் நெல்லெல்லாம் அவருடையது. வைகாசிக் கடைசியில் அறுப்பு, அதுவரை கண்மாயை வற்றவிடக் கூடாது என்றார். முத்துராக்கு தலையாட்டி வெற்றிலையை வாங்கினாள். வெற்றிலை கை மாறியதும் மாமாவின் வாய் இளகியது. “உண்மையைச் சொன்னா, இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சாப் போதும், தாயி. அஞ்சு நாளைக்கு ஒண்ணு. ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும். தெரிஞ்சா ஒரு தண்ணியோட நிறுத்திப்புடுவாங்க.”

அடுத்தது சேவுகன். கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்தவர். மீன் பிடித்து முடிக்கும்வரை மடையைத் தொடக் கூடாது என்று அவர் பிடிவாதம். முத்துராக்கு அந்த வெற்றிலையையும் வாங்கினாள். வாசல்வரை வந்து வழியனுப்பியவர் குரலைத் தாழ்த்தினார். இப்போது மார்பளவுத் தண்ணீரில் மீன் ஆழத்தில் பதுங்கிக் கிடக்கிறதாம். முழங்காலளவு இறங்கினால் நாலே நாளில் மொத்தத்தையும் அள்ளிவிடுவாராம். ஊருக்குத் தெரிந்தால் ஆளுக்கொரு கூடையோடு இறங்கிவிடுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்றார்.

கடைசியில் மண்வெட்டும் இயந்திரத்தின் சொந்தக்காரர் மரியதாஸ். வைகாசி முதல் தேதி கண்மாய் காய்ந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அவருடைய வெற்றிலையும் அவள் மடிக்குள் போயிற்று. பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், முதல் எட்டு நாள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் காய்ந்த வரத்துக்காலைத்தான் வெட்டப்போகிறார்களாம், நடுக்கண்மாயில் இறங்குவது அதற்கப்புறம்தானாம். “இதை வெளிய விட்றாதீங்கக்கா. அப்புறம் காயப்போட ஆளாளுக்கு நாள் கேப்பாங்க.”

மறுநாள் காலையில் முத்துராக்கு சாவியோடு கரைக்குப் போனாள். ஒருமுறை வயலுக்குப் பாய்ச்சினால் கண்மாய் ஒரு முழம் இறங்கும், அது அவளுக்குத் தெரிந்த கணக்குதான். ஆனால் மடையில் கை வைப்பதற்குள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். தனக்குத்தான் வாக்கு என்று மூவருமே சொன்னார்கள்.

சேவுகன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஏந் தங்கச்சி, ஒம் மடியில எத்தனை வீட்டு வெத்தலை இருக்கு?”

மடையைத் திறந்தால் சேவுகனுக்குத் தந்த வாக்குப் போகும். திறக்காவிட்டால் மரியதாஸின் வண்டி போகும். வண்டிக்காக மொத்தமாக வற்றவிட்டால் மாமாவின் பயிர் போகும். எதுவும் செய்யாமல் நின்றால் கீழத்தெருவே போகும்.

இப்போது சொல்லுங்கள். கண்மாயையும் தூர்வார வேண்டும், மூன்று பேருக்கும் நட்டம் வரக் கூடாது. அப்படியானால் முத்துராக்கு எந்த வாக்கை மீற வேண்டும்?

(விடையை யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.)

விடை: மூன்று வெற்றிலைக்கும் தந்த வாக்குகளில் எதையும் அல்ல. அவள் மீற வேண்டியது, மூன்று வாசலிலும் பேசாமல் ஒத்துக்கொண்டுவந்த நாலாவது வாக்கை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்றார்களே, அதை. முத்துராக்கு அதைத்தான் செய்தாள், அதுவும் கேட்டுவிட்டே செய்தாள். “என்கிட்ட வாசல்ல சொன்னதை நீங்களே இங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” முதலில் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். சொல்லி முடித்தபோது, தான் முதலில் கேட்டதை யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கே ஒரு தண்ணி, ஐந்து நாள் கழித்து இன்னொன்று. நெல் பிழைத்தது, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. சித்திரை முடிவதற்குள் சேவுகன் வலையைச் சுருட்டிவிட்டார். மிச்சத் தண்ணீரை வடித்துவிட, வரத்துக்காலில் இயந்திரம் வெட்டிக்கொண்டிருந்த எட்டு நாளில் நடுக்கண்மாய் காய்ந்தது. மீன் பிடித்த நாலு நாளும் கூடைக்காரர்களைக் கண்மாயில் இறங்கவிடாமல் கம்போடு நின்றவர் அழகுமலை மாமாதான். முத்துராக்கு அந்த முதல் நாள் காலையில் மடையைத் திறந்துவிட்டுத்தான், மடியில் வாடிக்கிடந்த மூன்று வெற்றிலையையும் ஒன்றாக மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.