சூசைமாணிக்கத்துக்குப் பூசிய எண்ணெய்

சந்தியாகு சாமி ஒரு காலை இழந்த வருஷம் நடந்தது இது.

சர்க்கரை நோய். முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் காலையில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு, சாயங்காலம் உப்பளத்து வீடுகள் என்று பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறுமாக நடந்த மனுஷன். சாகக் கிடக்கிறவர் வீட்டிலிருந்து ஆள் வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். ஒரு தடவை பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டுப் போனார். கரும்பலகையில் அந்தக் கணக்கு ரெண்டு நாள் அப்படியே நின்றது. அழிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது மடத்தில் ஓர் அறை, ஒரு கட்டில், அவ்வளவுதான் அவர் உலகம். அடுத்த அறையில் ராயப்பன்.

ராயப்பன் அவரிடம் கணக்குப் படித்தவன். அவரைப் பார்த்துத்தான் அதே சபையில் சேர்ந்தான். குருப்பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஊருக்கெல்லாம் அவர் சாமி. ராயப்பனுக்கு மட்டும் இன்னும் சார். அவருக்குக் கால் போனதிலிருந்து ஊரில் யாருக்கு முடியாவிட்டாலும் ராயப்பன்தான் போகவேண்டும்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி இருக்கும். மிக்கேல் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ராயப்பன் அறைக்கு ஓடிவந்தான். உப்பளத்தில் வேலை பார்க்கிறவன், முப்பது வயசு.

“அப்பாவுக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு சாமி. எண்ணெய் பூசணும். அக்கா ஒடனே கூட்டியாரச் சொல்லிச்சு.”

“நீ முன்னால போ. நான் பைக்ல பின்னாலயே வாறேன்.”

பின்னாலேயே போகவில்லை. போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஓவர் பாக்கி. மூன்று ஓவர்தானே என்று உட்கார்ந்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ராயப்பன் போய்ச் சேர்ந்தபோது மிக்கேல் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“உள்ள போங்க சாமி. மூச்சு இருக்குன்னு அக்கா சொல்லுது.”

நோயில் பூசுதல் என்கிற இந்த எண்ணெய்ச் சடங்கு உயிரோடு இருக்கிறவர்களுக்கு. செத்தவருக்குக் கிடையாது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் என்றால் பூசலாம். ராயப்பனுக்குச் சந்தேகம் இல்லை. மிக்கேலின் அப்பா சூசைமாணிக்கத்தின் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அது மெல்ல நடந்து வாய்க்குள்ளே போனது.

தலைமாட்டில் மகள் செங்கோல்மேரி. வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“உயிர் இருக்குல்லா சாமி?”

ராயப்பன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“இருக்கு.”

நெற்றியில் பூசினான். உள்ளங்கைகளில் பூசினான். கை சில்லென்று இருந்தது. அவன் செபத்தை முடிக்கையில் மிக்கேல் வாசலிலிருந்து பலமாக ஆமென் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்துச் செங்கோல்மேரி, “அப்பா போயிட்டாரு” என்று அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் மிக்கேல் ராயப்பனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“ஆறு மாசமா நானும் அப்பாவும் பேசிக்கிடல சாமி. ஒண்ணுமில்லாத சண்டை. கடைசியா அவருக்கு நான் செஞ்சது இது ஒண்ணுதான். உங்களக் கூட்டிட்டு வந்துட்டேன்லா. எண்ணெய் வாங்கிட்டுத்தான போனாரு.”

ராயப்பன் தலையை ஆட்டினான். தலை எப்படி ஆடியது என்று அவனுக்கே தெரியவில்லை.

அங்கியில் ஒட்டின மண்ணோடு நேரே சந்தியாகு சாமியின் அறைக்குப் போனான். எதையும் மறைக்கவில்லை. மூன்று ஓவர், ஈ, பொய், எல்லாம் சொன்னான். திட்டுவார் என்று நின்றான். அவர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அவங்க வீட்ல போய் உண்மையைச் சொல்லிடவா சார்?”

“சொன்னா?”

“மனசுக்கு நிம்மதி.”

“யார் மனசுக்கு?”

ராயப்பன் குனிந்து தன் கையைப் பார்த்தான். மிக்கேல் கை இன்னும் தன் கையைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது.

“சரி, பாவசங்கீர்த்தனமாவது கேளுங்க சார்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்கிட்ட வேண்டாம். டவுனுக்குப் போ. அங்க சாமியார் யாராவது இருப்பாங்க.”

“ஏன் சார்?”

“வேண்டாம்னேன்.”

“இப்ப நான் என்னதான் பண்ண?”

“முப்பதாம் நாள் பூசை வரைக்கும் தினம் அந்த வீட்டுக்குப் போ. போய் உக்காரு. உன் கதையைச் சொல்லாத.”

ராயப்பன் டவுனுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தான். அந்தச் சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதும் அந்த ஈ போகவில்லை.

தினமும் அந்த வீட்டுக்குப் போனான். முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். நாலாம் நாள் காபி மட்டும். பத்தாம் நாள் எதுவும் இல்லை. அவனே உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான். செங்கோல்மேரி தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கினால் இவனும் ஒரு குடம் தூக்கினான். மிக்கேல் அளத்திலிருந்து வந்து, காலில் வெடித்த புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேசுவான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த எண்ணெய்க் கதையைச் சொல்லுவான். ஒவ்வொரு தடவையும் ராயப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் சத்தமாகவே சொன்னாள்.

“என்ன மேரி, ஒங்க சாமி மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா தெனம் வந்து உக்காந்துக்கிடுதாரு?”

“மாப்பிள்ளை எவன் கொடம் தூக்குதான்? ஒம் மாப்பிள்ளை தூக்குதானா?”

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள்.

பதினைந்தாம் நாள் ராயப்பன் கட்டிலருகே வந்து நின்றான்.

“முடியல சார். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருக்கு.”

“இன்னும் எத்தனை நாள்?”

“பதினஞ்சு.”

“போ.”

இந்த மனுஷனுக்கு இரக்கமே இல்லையா என்று ராயப்பனுக்குத் தோன்றியது. அவர் தட்டில் காலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மிக்கேல் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். செங்கோல்மேரி கை துடைத்துக்கொண்டு ராயப்பனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன் சாமி இப்படி மெலிஞ்சுட்டீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“எனக்குத் தெரியும் சாமி.”

ராயப்பன் நிமிர்ந்தான்.

“என்ன தெரியும்?”

“நீங்க வரும்போது அப்பா இல்லன்னு. மிக்கேல் சைக்கிள எடுத்துக்கிட்டு முக்கு திரும்பியிருக்க மாட்டான். இங்க மூச்சு நின்னுபோச்சு. நான்தான் கண்ண மூடிவிட்டேன். தாடையக் கட்டல. கட்டினா அவனுக்குத் தெரிஞ்சிரும்லா. அவன் வந்ததும் அப்பா அசந்து தூங்குதாரு, நீ வாசல்ல நில்லுன்னு சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் என்கிட்ட கேட்டீங்களா?”

“அவன் காதுல விழட்டும்னு கேட்டேன்.”

“நான் உயிர் இல்லைன்னு சொல்லியிருந்தா?”

“அதுக்குத்தான் பயந்துக்கிட்டே கேட்டேன்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒரு சாமியாரப் பொய் சொல்ல வச்சிட்டேன். அது எம் பாவம். நீங்க சொமக்காதீங்க. அதச் சொல்லத்தான் உக்காந்தேன்.”

ராயப்பன் வெளியே வந்தான். பைக்கை உதைத்தான். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வந்தது. மிக்கேல் மடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். முன்னாலேயே.

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மடத்துப் படியில் ஓடினான். கட்டிலருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வார்த்தைகள் ஒன்றுமேல் ஒன்று விழுந்தன.

சந்தியாகு சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அப்ப, நான் உடனே கிளம்பிப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது சார். அவர் இறந்துதான் இருந்திருப்பார். மூணு ஓவரால எதுவும் கெட்டுப்போகல.”

“ம்.”

“என்ன சார், ம்?”

“நீ மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தியே, அப்ப உனக்கு அவர் செத்துட்டார்னு தெரியுமா?”

ராயப்பனுக்குப் படியேறி வந்த மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது.”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நீங்க படுத்திருந்தீங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். போர்வைக்குக் கீழே, கால் இல்லாத இடத்தில் துணி தட்டையாகக் கிடந்தது. ரெண்டு அறைக்கும் நடுவே இருந்த ஒற்றைச் செங்கல் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மிக்கேல் சொன்னது இந்தக் கட்டில் வரைக்கும் கேட்டுது ராயப்பா. டேய்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நீ எழுந்து ஓடியிருப்ப. நானும் ஸ்கோர் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.”