நாணல்திட்டுக்குப் போன படகுகள்

ஆற்றின் நடுவே, நாணல் பூத்து வெண்மேகம்போல் மிதக்கும் ஊர் நாணல்திட்டு. மறுநாள் வெள்ளம் வருமென்று ரேடியோ சொன்னது. அக்கரை தாலுகா ஆபீசில் தேநீர் போடும் செவ்வந்தி அதைக் கேட்டதும் தாசில்தாரின் மேசைக்கு ஓடினாள். திட்டில் அவளுடைய நிறைமாதக் கர்ப்பிணி மகள் இருந்தாள். அரசாங்கப் படகுகளோ ஆபீஸ் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன.

“ஐயா, படகுகளை இன்றைக்கே அனுப்புங்களேன்.”

தாசில்தார் சபாபதி மீசையைத் தடவினார். “வெள்ளத்தை நான் நேரில் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் பூட்டைத் திறக்கலாம். அதுதான் விதி. எங்கே, வெள்ளத்தைக் கொண்டுவா பார்ப்போம்!”

ஆபீசே சிரித்தது.

“அப்போ நீங்க வாங்க ஐயா. என் பரிசலிலே திட்டில் கொண்டுபோய் விடுறேன். நாளைக்குத் தண்ணீர் என் மக வீட்டுக் கட்டிலைத் தொட்டதும் கண்குளிரப் பாருங்க.”

“பார்த்துவிட்டு எப்படித் திரும்புவது? வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்துவிடுமே!”

“அரசாங்கப் படகிலேதான்.”

“அது இங்கே பூட்டியிருக்குமே!”

“ஆமாங்க. நீங்க வந்து கையெழுத்துப் போட்டதும் திறந்துடுவாங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தாசில்தார் சாவியை எடுத்து நீட்டினார்.

அன்று மாலை, அசையாத ஆற்றின்மேல் ஊரே மிதந்து வந்தது. ஆடுகள் வந்தன, தொட்டில்கள் வந்தன, வயிற்றைப் பிடித்தபடி செவ்வந்தியின் மகளும் வந்தாள். மறுநாள் வெள்ளம் சத்தமில்லாமல் வந்து, ஆளில்லாத தெருக்களில் உலாவியது.

கரையில் நின்ற தாசில்தார் கனைத்துக்கொண்டார். “செவ்வந்தி, வெள்ளத்தைப் பார்த்துவிட்டேன். இப்போது உத்தரவு போடலாமா?”

“போடுங்க ஐயா, அடுத்த வெள்ளத்துக்கு.”