காற்றுக்குக் கிடைத்த ராஜபாட்டை

முன்னொரு காலத்தில், மேகம் இறங்கி வந்து வாசலில் படுத்துக்கொள்ளும் மலைநாடு ஒன்றைக் கேசரிவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் அவருடைய வில்வித்தையை யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், பாதி ராஜ்யத்தைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவார். ஆயுதசாலை அதிகாரி மார்த்தாண்டனுக்கு இது நன்றாகத் தெரியும். அமைச்சர் திருநந்தியின் ஆசனத்தின் மேல் அந்த மனிதனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

அந்த மலை ஓடைகளில் நீர்நாய்கள் நிறைய உண்டு. காட்டில் குடியிருந்த வேட்டுவர்கள் குளிர்காலத்தில், அவற்றுக்கு ரோமம் அடர்ந்திருக்கும்போது, வலை போட்டுப் பிடிப்பார்கள். தோலைக் கீறல் படாமல் உரித்து, சாம்பல் தேய்த்து, நிழலில் உலர்த்தித் துறைமுகத்து வியாபாரிகளிடம் விற்பார்கள். அவர்களுக்கு வருஷச் சாப்பாடே அதுதான்.

ஒருநாள் சபையில் மார்த்தாண்டன் எழுந்தான். "அரசே, தாங்கள் வில்லாளி. தங்கள் காட்டிலோ வலை போட்டு மிருகம் பிடிக்கிறார்கள். வலையில் விழுந்தது கோழைத்தோல். இனி அம்பு துளைத்த தோல்தான் நாட்டைவிட்டு வெளியே போகவேண்டும். அந்தத் துளைதான் நம் முத்திரை."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேயே ஆணை பிறந்தது.

வேட்டுவர் தலைவி வெள்ளச்சி நேரே அமைச்சர் வீட்டுக்கு வந்தாள். "ஓட்டை விழுந்த தோலை எந்தச் செட்டியாரு வாங்குவாரு சாமி? எங்க புள்ளைங்க என்ன, அம்பையா கடிச்சுத் தின்னும்?" என்று கேட்டாள்.

மறுநாள் சபையில் திருநந்தி மெதுவாகப் பேச்சை எடுத்தார். "அரசே, வேட்டுவர் தலைவி வந்து முறையிட்டாள். அந்த ஆணையைக் கொஞ்சம்..."

ராஜாவின் மீசை துடித்தது. "என் அம்பில் குற்றம் காண்கிறீரா? சரி. வலைத்தோல் உசத்தி என்று தைப்பிறப்புக்குள் காட்டும். ஆனால் நீரோ அந்த வேட்டுவச்சியோ என் அம்பைக் குறைத்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினாலோ, காட்ட முடியாவிட்டாலோ, வேட்டுவர்கள் காட்டைக் காலி செய்யட்டும். உமது ஆசனத்தில் மார்த்தாண்டன் உட்காரட்டும்."

ஆசனம் போனால் போகட்டும், குளிர்காலத்தில் அந்தக் குடும்பங்கள் எங்கே போகும்? இரண்டு நாள் திருநந்திக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு சபைக்கு வந்தார்.

"அரசே, தைப்பிறப்பன்று மலைமுடியில் தாங்கள் சூரியோதயம் காண்பது நம் வழக்கம். இந்த வருஷம் தங்கள் அம்பால் விழுந்த நீர்நாய்த் தோலிலேயே போர்வை செய்து போர்த்திக்கொள்ள வேண்டும். அந்தத் தோலை வேறொருவர் போர்த்திக்கொண்டால் மரியாதைக் குறைவு. நாங்களெல்லாம் சாதாரண வலைத்தோலைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்கிறோம்."

ராஜா அன்றைக்கே வில்லோடு ஓடைக்குப் புறப்பட்டுவிட்டார். அடித்த தோலெல்லாம் வெள்ளச்சியிடம் வந்தது. அவள் துளைகளைத் தைக்க ஊசியை எடுத்தாள்.

"ஒரு தையல் போடக்கூடாது. ராஜாவின் வீரத்துக்கு ஒட்டுப் போடுவதா?" என்றார் திருநந்தி. வெள்ளச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தாள்.

தைப்பிறப்பு வந்தது. விடியும் நேரம், மலைமுடியில் ஊசிக்காற்று. ராஜா போர்வையை இழுத்து இழுத்து மூடினார். பல் தந்தியடித்தது.

"அமைச்சரே, காற்று உள்ளே வருகிறதே?"

"வரும் அரசே. தங்கள் அம்பு போன வழியாகத்தான் வருகிறது. காற்றுக்கு இதைவிட ஒரு ராஜபாட்டை கிடைக்குமா?"

அம்பைப் புகழ்ந்த பேச்சுதான். ராஜாவால் கோபிக்கவும் முடியவில்லை. பக்கத்தில் திரும்பினார். வலைத்தோல் போர்வைக்குள் மார்த்தாண்டன் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"மார்த்தாண்டா, உனக்குக் குளிரவில்லையா?"

குளிரவில்லை என்றால் கோழைத்தோல் ஜெயித்துவிடும். "நடுங்குகிறேன் அரசே" என்றான் அவன்.

"நடுங்குகிறவன் மூக்கில் வியர்வை எப்படி வந்தது?"

"கழற்று அதை" என்றார் ராஜா.

திருநந்தி பதறிப்போனவர்போல் குறுக்கே வந்தார். "வேண்டாம் அரசே. அது கோழைத்தோல். அவரே சபையில் சொன்னார்."

"நீர் சும்மா இரும்" என்று சொல்லிவிட்டு ராஜா போர்வையை மாற்றிக்கொண்டார். உடம்பில் சூடு ஏறியதும் புத்தியும் கொஞ்சம் ஏறியது. மார்த்தாண்டன் தோளில் கிடந்த தம் போர்வையின் துளை ஒன்றில் விரலை விட்டார். விரலோடு கை முழுவதும் உள்ளே போனது.

"என் அம்பு இவ்வளவு பருமனா?"

வேட்டுவர்களோடு ஓரமாக நின்றிருந்த வெள்ளச்சி முன்னால் வந்தாள். "அம்பு சின்னதுதான் ராசா. உரிச்ச தோலை மூங்கில் சட்டத்துல இழுத்துக் கட்டித்தான் காயவைப்போம். இழுக்க இழுக்க, சுண்டுவிரல் ஓட்டை உள்ளங்கை அகலத்துக்கு வாயைப் பொளந்துரும்."

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"அம்பைப் பத்திப் பேசுனா காடு போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ராஜா முதலில் முகம் சிவந்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆணை ரத்து. காடு உங்களுடையது. வலை போடுங்கள், இனி யாரும் கேட்கமாட்டார்கள்" என்றவர், கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தார். பிறகு மார்த்தாண்டனைப் பார்த்தார். "அது ராஜா அடித்த தோல். வேறு யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? குளிர்காலம் முடியும்வரை அதையே போர்த்திக்கொண்டு சபைக்கு வா."

கீழே இறங்கும்போது திருநந்தி வெள்ளச்சியோடு வேட்டுவர் குடியிருப்பு வழியாக வந்தார். ஒவ்வொரு குடிசை வாசலிலும் மூட்டை கட்டி வைத்திருந்தது. பானை, வலை, பாய், எல்லாம்.

"என்ன வெள்ளச்சி, என்மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"உங்கமேல நம்பிக்கை இருந்துச்சு சாமி. ராசாமேலதான் இல்ல" என்றாள் அவள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, குடியிருப்பே கேட்கும்படி கத்தினாள்.

"அடியே, மூட்டையை அவுங்கடி. உலை வைங்க. சாமி பசியோட நிக்கிறாரு."