செங்காரியின் மடி

உலகம்மையின் மடத்தில் இருந்தது ஒரு லிங்கம், ஒரு கிணறு, செங்காரி என்று ஒரு பசு. சீடரும் ஒருவர்தான்.

அவர் பெயர் கல்யாணராம சாஸ்திரி. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அவர் தேவாரம் பாடினால் ஆற்றில் துணி துவைப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். சிலர் அழுதும்விடுவார்கள். சாஸ்திரி மட்டும் ஒருநாளும் அழுததில்லை.

அதுதான் அவரை இங்கே கொண்டுவந்தது.

“பாட்டு வர்றதும்மா, கண்ணீர் வரலே. என்ன செஞ்சா என் மனசு இளகும்?” என்று வந்த அன்றே கேட்டார்.

“ஒரு மண்டலம் இங்க இருங்க, சாஸ்திரிகளே. நாப்பத்தெட்டாம் நாள் சொல்லுதேன்,” என்றாள் உலகம்மை.

அவள் இருக்கத்தான் சொன்னாள். விரதம் இருக்கச் சொல்லவில்லை. ஆனால் சாஸ்திரிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அன்றைக்கே தொடங்கிவிட்டார். ஒருவேளைச் சாப்பாடு. சவரம் கிடையாது, நகம் வெட்டுவது கிடையாது. காலையில் ஆற்றில் முங்கி, ஈர வேட்டியோடு மடியாக வந்தால், பூசை முடியும்வரை அவரை யாரும் தொடக்கூடாது. உலகம்மையைக் குருவாக ஏற்றுக்கொண்டார்; அவள் இறைத்து வைத்த தண்ணீரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் சுவரில் ஒரு கரிக்கோடு போடுவார்.

மனிதர் கெட்டவர் இல்லை. ஆசாரம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

முப்பத்தெட்டாம் நாள், கீழூரில் ஒரு பிரசவத்துக்கு உதவியாக உலகம்மை போக வேண்டியிருந்தது. திரும்ப மூன்று நாள் ஆகும்.

“செங்காரியைக் கறக்கத் தோப்பு வீட்டுச் செல்லத்தாயை வரச் சொல்லுதேன்,” என்றாள்.

“வேண்டாம்மா, நானே கறக்கறேன். அபிஷேகத்துப் பால். மடியிலே கறக்கணும்.”

உலகம்மை சிரித்துவிட்டாள். “எல்லாப் பாலும் மடியிலதான் கறக்குது, சாஸ்திரிகளே.”

சாஸ்திரி சிரிக்கவில்லை. விளையாட்டுப் பேச்சு விரதத்துக்கு ஆகாது என்பது அவர் எண்ணம்.

“கறந்து பழக்கம் உண்டா?”

“பார்த்திருக்கேன்.”

நாற்பத்தோராம் நாள் காலை உலகம்மை திரும்பி வந்தாள். செங்காரி பின்கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தது. போட்ட புல் போட்டபடி கிடந்தது. மூன்று வாரக் கன்று மடியில் முட்ட வந்தது. பெற்ற தாய் அதைக் காலால் எட்டி உதைத்தது.

உலகம்மை பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கையைக் கழுவிக்கொண்டு மடியைத் தொட்டுப் பார்த்தாள். இடப்பக்கப் பின்காம்பு வீங்கிச் சிவந்திருந்தது. அதற்கு மேலே மடி கல்லாக இறுகிக் கொதித்தது. கிணற்றடியில் கிடந்த கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து, அந்தக் காம்பிலிருந்து அதன்மேல் ஒரு பீச்சு விட்டாள். மஞ்சள் தண்ணீர். அதில் திரிந்த பால் கட்டிகள். நடுவே ஒரு சிவப்பு இழை.

“இந்தக் காம்பை எத்தனை நாளாக் கறக்கல?”

சாஸ்திரி எட்டவே நின்றார். “முதல் நாள் கறந்தேன். பால்லே ரத்தம் வந்தது. ரத்தம் பட்டாத் தீட்டு. அதனாலே அதை விட்டுட்டு மத்த மூணுலேதான் கறந்தேன்.”

“ரத்தம் எங்கேருந்து வந்துது?”

“தெரியலேம்மா.”

“எப்படிக் கறந்தீங்க? வெறுங்கையாலே காட்டுங்க.”

சாஸ்திரி கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்து இழுத்துக் காட்டினார். தோல் அதிகம் படாமல் இருக்க அவர் கண்ட வழி அது. மடக்கிய விரலின் நுனியில் நாற்பத்தொரு நாள் விரத நகம்.

உலகம்மை நகத்தைப் பார்த்தாள். பிறகு காம்பைப் பார்த்தாள். அங்கே பிறை வடிவில் ஒரு கீறல் இருந்தது. நகமும் கீறலும் ஒரே அளவு.

சாஸ்திரியும் பார்த்தார்.

“காயத்து வழியா விஷம் உள்ள போயிருக்கு. பாலும் உள்ளயே நின்னு கெட்டுப்போச்சு,” என்றாள் அவள். “இன்னும் ரெண்டு நாள் விட்டா இந்தக் காம்பு செத்துரும். அதுக்கு மேல விட்டா மாடே போயிரும். கன்னு இன்னும் புல்லு கடிக்கல.”

“இப்போ என்ன செய்யறதும்மா?”

“உள்ள நிக்கிறதை வெளிய எடுக்கணும். பொழுது முழுக்க, மணிக்கொரு தரம், சொட்டு விடாம எடுக்கணும். எடுத்துட்டு மருந்து பூசணும். நகமுள்ள கை அதுக்கு ஆகாது.”

இடுப்பிலிருந்து சிறிய கத்தி ஒன்றை எடுத்துக் கருங்கல்லின் ஓரத்தில் வைத்தாள்.

“நான் செய்யுதேன். உங்களுக்கு இன்னும் ஏழு நாள்தானே? நீங்க விரதத்தைப் பாருங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் சாஸ்திரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் சுவரைப் பார்த்தார். அன்றைய கோட்டை விடிந்ததுமே போட்டிருந்தார், ஆக நாற்பத்தொன்று. நகத்தில் கத்தி பட்டால் அத்தனையும் வீண். மறுபடி முதல் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கன்று மறுபடி பசியோடு வந்தது. செங்காரி மறுபடி உதைத்தது. இந்த முறை கன்று பக்கவாட்டில் விழுந்தது. எழுந்து, ஒரு தடவை தலையை உதறிக்கொண்டு, திரும்பவும் தாயிடமே போனது.

சாஸ்திரி கத்தியை எடுத்தார்.

பத்து நகமும் மண்ணில் விழுந்தன. அவர் வெறும் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என் மடி போச்சும்மா.”

உலகம்மை செங்காரியின் மடியில் கை வைத்திருந்தாள். “எங்க போச்சு? கல்லு மாதிரி இங்கதான இருக்கு. வாங்க.”

சோற்றுக் கற்றாழையை நறுக்கி அம்மியில் போட்டாள். ஒரு பிடி மஞ்சள் தூள், அதோடு கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பு. சாஸ்திரி அரைத்தார். பச்சையும் மஞ்சளும் வெள்ளையும் குழவிக்கு அடியில் ஒன்றாகி, அவர் கண் முன்னாலேயே சிவந்தன.

“ரத்தம்!” என்று கையை எடுத்துவிட்டார்.

“மருந்து,” என்றாள் அவள்.

அவர் அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து அரைக்கத் தொடங்கினார்.

“விரலை மடக்காதீங்க. உள்ளங்கையை முழுசாக் குடுங்க. பயப்படாதீங்க, அதுக்குத் தெரியும்.”

வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் துடைத்து, சாஸ்திரி முழுக் கையால் காம்பைப் பிடித்தார். முதல் பீச்சு அவர் மார்பில் அடித்து, பூணூல் வழியாக வழிந்தது. நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செங்காரி அவர் முழங்காலில் உதைத்தது. அவர் நகரவில்லை. தகப்பனாருக்குக்கூட இப்படிப் பணிவிடை செய்ததில்லையே என்று அவருக்குத் தோன்றியது.

எடுத்ததைத் தொழுவத்தில் கொட்டாமல் தொலைவில் குழி வெட்டி ஊற்றி, மேலே சுண்ணாம்பு தூவினார். கையைக் கழுவிவிட்டு மடி முழுக்க மருந்து பூசினார். கீறலுக்கு வெண்ணெயில் குழைத்த மஞ்சள். கன்றுக்கு மற்ற மூன்று காம்பையும் உலகம்மையே பிடித்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

லிங்கத்துக்கு அந்த நாட்களில் வெறும் கிணற்றுத் தண்ணீர்தான். அதுவும் உலகம்மை இறைத்த தண்ணீர். சாஸ்திரிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

மூன்றாம் நாள் சூடு இறங்கியது. செங்காரி ஒரு வாய் புல் கடித்தது. சாஸ்திரி அதைப் பார்த்து, குழந்தை முதல் அடி வைத்ததைக் கண்டவர் மாதிரி, “அம்மா, சாப்பிடறாம்மா!” என்று மடம் முழுக்கக் கேட்கக் கூவினார்.

ஆறாம் நாள் கருங்கல்லில் பால் வெள்ளையாக விழுந்தது. “நாளைக்கும் பாப்போம்,” என்றாள் உலகம்மை. ஏழாம் நாளும் வெள்ளை.

எட்டாம் நாள் காலை சாஸ்திரி காம்பைத் துடைத்து, கல்லில் ஒரு பீச்சு விட்டார். வெள்ளை. நம்பாமல் இன்னொன்று விட்டார். கறுப்புக் கல்லின்மேல் ஒரு கட்டி இல்லை, ஒரு இழை இல்லை. கன்று அவர் தோளுக்கு அடியில் புகுந்து அந்தக் காம்பையே கவ்வியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செங்காரியின் காலைப் பார்த்தார்.

கால் அசையவில்லை.

செங்காரி கழுத்தைத் திருப்பியது. கன்றை நக்கப் போகிறது என்று அவர் ஒதுங்கப் பார்த்தார். அது அவர் தலையை நக்கியது. மண்டலம் முழுக்கச் சிரைக்காத அந்தப் பரட்டைத் தலையை, பிடரியிலிருந்து உச்சிவரை, சொரசொரப்பான நாக்கால் மெதுவாக நக்கியது. பிறகு கன்றின் முதுகை நக்கியது. பிறகு மறுபடி அவரை.

சாஸ்திரி அப்படியே உட்கார்ந்திருந்தார். கிழித்த கை இதுதான் என்று அதற்குத் தெரியாதா? தெரிந்துதான் நக்குகிறதா? எது உண்மையாக இருந்தாலும் தாங்க முடியாததாக இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷம் வராத கண்ணீர் வந்தது. மூக்கும் சேர்ந்து ஒழுகியது. துடைக்கத் தோன்றவில்லை.

உலகம்மை செம்போடு வந்தாள். “பூசைக்குப் பால் வேணும், சாஸ்திரிகளே. கறந்து நீங்களே கொண்டு போங்க.”

“நான் எப்படிம்மா?” என்றார் அவர். “குளிக்கலே. தலையெல்லாம் எச்சில். நகம் வெட்டியாச்சு, விரதம் போச்சு. இன்னிக்கு எத்தனாம் நாள்னுகூட நேக்குத் தெரியலே. மடி இல்லேம்மா.”

சுவரில் கோடு நாற்பத்தொன்றோடு நின்றிருந்தது. அன்றைக்கு நாற்பத்தெட்டாம் நாள்.

உலகம்மை குனிந்து செங்காரியின் மடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருடைய நனைந்த முகத்தைப் பார்த்தாள். செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

“மடி இளகிருச்சு, சாஸ்திரிகளே. கறங்க.”